கிருமியே இல்லாத குளம்

தெரிந்த விஷயத்தைப் பேசும்போது எனக்கு நாக்கு தடுமாறும். தெரியாத விஷயம் என்றால் மடை திறந்த வெள்ளம்தான். இந்தக் குணத்தை வைத்துக்கொண்டு நான் முதலில் சேர்ந்த வேலை, சுற்றுச்சூழல் வள நிபுணர்.

சங்கரன்கோவிலில் இந்தப் பதவியை யாருக்கும் விளக்க முடியவில்லை. எதிர்வீட்டு அக்கா கடைசியில் தானே ஒரு முடிவுக்கு வந்து, அவர்கள் தோட்டத்தில் போர் போட எங்கே தோண்டலாம் என்று கேட்டார். நானும் கிழக்கு மூலையைக் கை நீட்டிக் காட்டினேன். (நல்லவேளை, அவர்கள் தோண்டவில்லை.)

மதுரையில் ஓர் ஆலோசனை நிறுவனம். திருவேங்கடம் பக்கத்துக் குளங்களைத் தூர்வாருவதற்கு முன்னால் தண்ணீரின் தரத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஊர்க்காரி என்பதால் என்னை அனுப்பினார்கள். இதை ஒழுங்காகச் செய்தால் வேலை நிரந்தரம், சொதப்பினால் மூட்டை கட்ட வேண்டியதுதான். மேலாளர் மரியாதை தெரிந்தவர் என்பதால் இதையே நாசூக்காகச் சொன்னார்.

முதல் குளத்தில் எனக்கு முன்பே எருமைகள் இறங்கியிருந்தன. நானும் முழங்கால் வரை கரிசல் சேற்றில் இறங்கி, பாட்டில்களில் தண்ணீர் பிடித்து, ஐஸ் பெட்டியில் அடுக்கி, டவுன் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு ஊர் வந்தேன். பெட்டியில் இருப்பது மீனா என்று கண்டக்டர் கேட்டார். ஆராய்ச்சி என்றேன். மறுபேச்சுப் பேசாமல் பெட்டிக்கும் ஒரு டிக்கெட் கிழித்துக் கொடுத்தார். மறுநாள் விடிந்ததும் மதுரை ஆய்வகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். பெட்டியை அடுப்படியில் வைத்துவிட்டு, விளக்கு வைக்கும் நேரத்திலேயே அடித்துப் போட்டதுபோல் தூங்கிவிட்டேன்.

ஆய்வக முடிவு வந்தது. தண்ணீரில் கலங்கல் இல்லை. கிருமி அறவே இல்லை. நிபுணர் என்றால் இந்த இடத்தில் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். நான் பெருமைப்பட்டேன்.

அந்தக் குளத்தங்கரையில் நாட்டுக் கருவேல மரங்கள் நிறைய. அவற்றின் துவர்ப்பு தண்ணீரில் இறங்கிக் கிருமிகளைக் கொல்கிறது, மிச்சத்தைக் கரிசல் மண் இழுத்துக்கொள்கிறது என்று ஒரு கொள்கையை நானே உருவாக்கினேன். அம்புக்குறி போட்ட வண்ணப் படங்களோடு அலுவலகக் கூட்டத்தில் முழங்கினேன். அப்படியானால் எருமைகள் என்று ஒருவர் இழுத்தார். அவை கலக்கிவிடுவதால்தான் துவர்ப்பு குளம் முழுக்கச் சமமாகப் பரவுகிறது என்றேன். இன்று நினைத்தாலும் காது சூடாகிறது. ஆனால் சொன்ன விதத்தில் ஒரு குறையும் கிடையாது.

மேலாளர் அசந்துபோய், இந்த அதிசயத்தை நேரில் பார்க்க வேண்டும் என்று கிளம்பி வந்துவிட்டார். கரையில் நின்று தண்ணீரைப் பார்த்தார். அதில் மூக்கு மட்டும் தெரியும்படி படுத்திருந்த எருமையைப் பார்த்தார். இதே குளம்தானா என்று கேட்டார். இதேதான் என்றேன், கொஞ்சமும் குரல் இறங்காமல்.

திரும்பும் வழியில் சும்மா இருந்திருக்கலாம். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் அப்பாவுக்கு டீக்கடை இருக்கிறது. மேலாளரோடு காரில் போய் இறங்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அப்பா தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, தன் கையாலேயே டீ ஆற்றிக் கொடுத்துவிட்டு, பணிவாகக் கேட்டார்.

"சார், போன மட்டம் பிள்ளைகிட்ட குடுத்துவிட்ட தண்ணி நல்லா இருந்துச்சா?"

மேலாளரின் டம்ளர் பாதி வழியில் நின்றது. "நீங்க குடுத்துவிட்டீங்களா?"

"பிள்ளை சேறும் சகதியுமா பிடிச்சிட்டு வந்துட்டா சார். பெரிய ஆபீசுக்கு அதையா குடுக்கது? தேத்தாங்கொட்டைய உரசித் தெளிய வச்சு, துணியில வடிகட்டி, நல்லா கொதிக்க வச்சு ஆத்தி ஊத்துனேன். கொஞ்சம் வத்திப் போச்சு. குறைஞ்சதுக்கு நம்ம வீட்டுல காய்ச்சி வச்சிருந்த தண்ணிய விட்டு நிரப்பிட்டேன்."

பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. பிளக்கவில்லை. என் கருவேல மரங்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்துகொண்டிருந்தன. எங்கள் முகம் போன போக்கைப் பார்த்து அப்பாவுக்கு ஏதோ உறைத்திருக்க வேண்டும். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மக மொத மொதலா கொண்டுபோறா சார். அவள யாரும் குறை சொல்லிரக் கூடாதுல்லா" என்றார்.

எனக்கு நியாயமாகக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வேலை போனாலும் பரவாயில்லை, இந்த மனிதரை மட்டும் யாரும் ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாது என்று இருந்தது.

மேலாளர் டீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். தண்ணீர் மிக நன்றாக இருந்தது, ஆய்வகமே சொல்லிவிட்டது என்று அப்பாவிடம் கைகூப்பிச் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். நானும் பின்னாலேயே ஏறினேன். சங்கரன்கோவில் எல்லை தாண்டியதும், அந்தக் குளத்தில் நானே மறுபடி தண்ணீர் எடுக்க வேண்டும், எடுத்ததும் வீட்டுப் பக்கமே போகாமல் நேராக மதுரைக்கு வர வேண்டும், வேலையை நிரந்தரமாக்குவதை அதற்கப்புறம் பார்க்கலாம் என்றார். எருமை விளக்கத்தை மட்டும் இனி எங்கும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

மறுபடி எடுத்தேன். ஒரு குளத்தில் என்னென்ன கிருமிகள் இருக்கலாமோ அத்தனையும் இருந்தன. அவற்றைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்ட ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். வேலையும் தாமதமாக நிரந்தரமாயிற்று. இன்றும் அதே வேலைதான். இப்போது என்னிடம் தண்ணீர் கொண்டுவருகிற புதியவர்களிடம், நேற்று யார் வீட்டில் தங்கினீர்கள் என்றுதான் முதலில் கேட்கிறேன்.

போன மாதம் அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்க டாக்டர் எழுதிக் கொடுத்தார். சிறுநீர் பிடிக்கக் கொடுத்த சின்ன டப்பாவோடு அப்பா அடுப்படியைக் கடந்தபோது, "என்னங்க, அதையாவது அப்படியே குடுத்துருங்க" என்றாள் அம்மா. அப்படியே கொடுத்தார். முடிவைப் பார்த்தால், சர்க்கரை எக்கச்சக்கம். அப்பா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"பாத்தியா மக்கா, அப்படியே குடுத்தா இப்படித்தான் வரும்."