மன்றத்துக்கு நான் அடித்த வெள்ளை

எங்கள் குப்பத்து விளையாட்டு மன்றத்துக்குப் புதுக் கட்டடம் வராமல் போனதற்கு ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள். பட்டா இல்லை என்பார்கள், ஆட்சி சரியில்லை என்பார்கள், உப்புக்காற்று என்பார்கள். அதெல்லாம் ஒன்றும் இல்லை. காரணம் நான்தான். (இதை எழுத இத்தனை நாள் ஆனது வெட்கத்தால் அல்ல. மூன்றாம் வகுப்போடு நின்றவள், எழுத்துக் கூட்டி எழுத நேரம் பிடிக்கிறது.)

சாந்தோம் கடலோரத்தில் இருக்கிறது எங்கள் குப்பம். மன்றம் என்றால் ஒரே ஒரு நீளக் கூடம். தூணில் துருப்பிடித்த கம்பி வெளியே எட்டிப் பார்க்கும். கூரை ஷீட்டில் எத்தனை ஓட்டை என்று மழை வந்தால்தான் தெரியும். ஒழுகாத மூலையில் ஆம்பிளைகளின் கேரம் போர்டு. மீதி இடத்தில், வாளிகளுக்கு நடுவே, எங்கள் பெண்பிள்ளைகளின் கபடி. வாளியில் இடிக்காமல் ஆடிப் பழகியதால்தான் அவர்களுக்குக் கால் அப்படிச் சுழல்கிறது என்று எனக்கு ஓர் எண்ணம்.

அவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பவள் என் மருமகள் ரெஜினா. பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். கூடத்துக்கு நாலு சுவர் இருப்பதால்தான் அப்பன்மார் வயசுக்கு வந்த பெண்களை ஆட அனுப்புகிறார்கள். சுவர் போனால் ஆட்டமும் போய்விடும். கட்டடம் ஆபத்து, மழைக்கு முன்னால் கூடத்தைப் பூட்டப் போகிறோம் என்று மேலிடத்திலிருந்து வேறு சொல்லிவிட்டார்கள்.

நான் மகளிர் குழுத் தலைவி. ரெஜினாவோடு மனுவைத் தூக்கிக்கொண்டு ஏறாத படி இல்லை. ஓர் ஆபீஸில், "இடம் எங்களுது, விளையாட்டு எங்களுது இல்லம்மா" என்றார்கள். அடுத்த ஆபீஸில், "விளையாட்டு எங்களுது, இடம் எங்களுது இல்லம்மா" என்றார்கள். மூன்றாவது ஆபீஸில் இரண்டும் அவர்களுடையதுதானாம், ஆனால் அதிகாரி லீவு.

கடைசியில் தரமணியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி இரக்கப்பட்டது. ரெஜினா விரிசலையும் ஓட்டையையும் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். "நேரில் வந்து பார்க்கிறோம், கட்டடம் மோசமாக இருந்தால் புதிதாகக் கட்டித் தருகிறோம்" என்று பதில் வந்தது.

அன்று காலை பள்ளிக்கூடம் கிளம்பும்போது ரெஜினா சொன்னாள்: "அத்தே, பத்தரைக்கு வர்றாங்க. நான் பர்மிஷன் போட்டு வந்துர்றேன். அதுவரிக்கும் நீ ஒண்ணும் பண்ணாத. சும்மா குந்தினு இரு."

சும்மா குந்துவதா? நான்கு நாள் முன்னாலேயே நான் சகாயத்திடம் சொல்லியாகிவிட்டது. சகாயம் பைபர் படகுகளுக்கு ஒட்டுப்போடுகிறவன். ரெஜினா பெண்களைக் கூட்டிக்கொண்டு வெளியூர் போட்டிக்குப் போய், முதல் நாள் இரவுதான் திரும்பியிருந்தாள். அந்த இடைவெளியில் நாங்கள் வேலையை முடித்துவிட்டோம்.

"இன்னா லூர்தக்கா, செவுரு பூரா கீறல் கீது?" என்றான் சகாயம்.

"அதான் உன்ன கூப்ட்டேன். நாலு பெரிய மனுசங்க வர்ற எடம். நம்ம மானம் இன்னா ஆவறது?"

"நடுக்கடல்ல தண்ணி பூராம அடைக்கிறவன் நானு. செவுத்த அடைக்க மாட்டேனா?"

அடைத்தான். விரிசல் மேல் பைபர் துணியை வைத்துப் பசையைப் பூசி, தேய்த்து, மேலே இரண்டு கோட்டிங் வெள்ளை. தூண்களுக்குப் படகில் மீந்த நீல பெயின்ட். ஓட்டைக் கூரையை மறைத்துக் கல்யாணப் பந்தல் துணி. வாளிகளை எடுக்க மனம் வரவில்லை. மண்ணைப் போட்டுக் குரோட்டன்ஸ் செடி நட்டோம். வாசலில் வாழைமரம், கோலம். எனக்குப் பட்டுப்புடவை. மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தால் அங்கேயே தட்டு மாற்றியிருப்பார்கள்.

வந்தவர்கள் இரண்டு பேர். கழுத்தில் அட்டை தொங்கும் ஒரு மேடம், சின்னச் சுத்தியல் வைத்திருந்த ஓர் என்ஜினியர். சந்தனம் கொடுத்து, கலர் சோடா கொடுத்து, வஞ்சிரம் வறுவல் கொடுத்தேன். என்ஜினியர் சுவரைத் தட்டினார். சகாயத்தின் பைபர், கிண்ணென்றது.

"ஸ்ட்ராங்காதான் இருக்கு" என்றார். "மழை பெய்தால் ஒழுகுமாம்மா?"

இங்கேதான் என் நாக்கில் சனி உட்கார்ந்தது. முன்பின் தெரியாத மனிதர், நம் வீட்டுக் கூரை ஒழுகுமா என்று கேட்கிறார். ஒழுகும் என்று எந்த மானமுள்ளவள் சொல்வாள்?

"எங்க மன்றமா? ஒரு சொட்டு எறங்காது சார். எங்க வூட்டுக்காரர் காலத்துல கட்னது, கல்லு மாதிரி நிக்குது!"

அப்போதுதான் ரெஜினா விசிலும் கழுத்துமாக மூச்சிரைக்க வந்து நின்றாள். வாழைமரத்தைப் பார்த்தாள். பந்தலைப் பார்த்தாள். கடைசியாக என்னைப் பார்த்தாள். அவசரமாக போனை எடுத்து விரிசல் படங்களைக் காட்டினாள்.

"ஓ, இது ரிப்பேருக்கு முன்னாடி எடுத்ததா? பிரமாதமா சரி பண்ணிட்டீங்களே!" என்றார் மேடம். மாமியார் பொய் சொல்கிறாள் என்று விருந்தாளி முன்னால் எப்படிச் சொல்வது? ரெஜினா போனைப் பைக்குள் போட்டாள். வஞ்சிரம் தட்டை எடுத்து அவர்கள் பக்கம் நகர்த்தினாள்.

இரண்டு வாரத்தில் தபால் வந்தது. உதவி பெருங்குடிப் பக்கம் ஒரு மன்றத்துக்குப் போய்விட்டது. (அவர்கள் ஒட்டடைகூட அடிக்கவில்லையாம். வெட்கங்கெட்டவர்கள்.) எங்களுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு பாராட்டுப் பத்திரம். பழைய கட்டடத்தைச் சிறப்பாகப் பராமரித்ததற்காக.

ரெஜினா சட்டத்தைக் கையில் எடுத்தாள். "எங்க மாட்டணும், சொல்லு அத்தே" என்று மட்டும் கேட்டாள். நல்ல இடமாகப் பார்த்துக் காட்டினேன். சகாயம் ஆணியை வைத்து ஓங்கி ஒரு அடி. பைபர் துணி, வெள்ளை, உள்ளேயிருந்த பூச்சு, செங்கல் எல்லாம் சேர்ந்து, கல்லிலிருந்து தோசை கழல்வது போல முழுசாகக் கழன்று விழுந்தது. புழுதி அடங்கியபோது எங்களுக்குக் கடல் தெரிந்தது.

மறுநாளே கூடத்துக்குப் பூட்டு. அப்பன்மார் ஒவ்வொருவராக வந்து, "பொண்ணு இனிமே வராது டீச்சர்" என்றார்கள். அன்றைக்குத்தான் எனக்குச் சோறு இறங்கவில்லை. மானம், மானம் என்று நான் பூசியது எல்லாம் அந்தப் பிள்ளைகளின் ஆட்டத்தின் மேல்தான் விழுந்திருக்கிறது.

அடுத்த நாள் சாயங்காலம் என் மீன்கடைப் பலகையை என் வீட்டு முன் மணலுக்கு இழுத்துப் போட்டேன். அப்பன்மாரைக் கூப்பிட்டேன். "இங்க ஆடட்டும். நான் குந்திக்கினு கீறேன். எவனாவது நின்னு பார்த்தான்னா, கையில மீன் கத்தி கீது." பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். ரெஜினா விசிலைத் துடைத்துக்கொண்டே, "நாலு செவுத்துக்கு நீ ஒருத்தி போதும் அத்தே" என்றாள். அது புகழ்ச்சியா குத்தலா என்று நான் இன்னும் கேட்கவில்லை. மனுவைத் திரும்பவும் போட்டிருக்கிறாள். கடல் தெரியும் சுவரைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறாள். பதில் இன்னும் வரவில்லை.

போன மாதம் முட்டிவலிக்கு அவளே என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். டாக்டர் முன்னால் அழுக்காகப் போய் நிற்க முடியுமா? தலைக்குக் குளித்து, பவுடர் போட்டு, பூ வைத்து, படியில் நொண்டாமல் ஏறிப் போனேன்.

"எப்படிம்மா இருக்கீங்க?" என்றார் டாக்டர்.

"எனக்கு இன்னா சார், நல்லாத்தான் கீறேன்."

அவர் பேனாவை மூடி வைக்கப் போனார். ரெஜினா அவர் கையைப் பிடிக்காத குறை.

"சார், நம்பாதீங்க! இவங்க வெள்ளையடிச்சிக்கினு வந்துகீறாங்க. கொஞ்சம் தட்டிப் பாருங்க!"