கதிர்காமு எடுத்த மூன்று கொப்பிகள்

இந்தப் பை இனி இந்த வீட்டில் இருக்கக்கூடாது என்று கதிர்காமு சபதம் எடுத்தபோது, அவன் மனைவி இந்திராதேவி அந்தப் பையின் அறுந்த வாரைத்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

அது 2006. சமாதானம் பேசி முடிந்து, ஷெல் பேசத் தொடங்கியிருந்த காலம். கட்டுக்கரை வயலை விட்டு ஓடிவந்து மன்னாரில் வாடகைக்கு இருந்தார்கள். குடும்ப அட்டை, பிறப்பு அத்தாட்சி, எல்லாவற்றுக்கும் மேலாக ஐந்து ஏக்கர் வயலுக்கு அரசாங்கம் தந்த பேமிற். எல்லாம் அந்தப் பைக்குள்தான்.

கதிர்காமு ஒரு நிவாரண நிறுவனத்தின் கந்தோரில் கம்பியூட்டர் ஒப்பரேற்றர். இடம்பெயர்ந்தவர்களின் பட்டியலை வெள்ளிக்கு வெள்ளி காந்த நாடாவில் பதிந்து வைப்பது அவன் வேலை. சவர்க்காரக் கட்டியளவு நாடாதான். ஆனால் அவன் அதைத் தூக்கும் பவ்வியத்தைப் பார்த்தால் கோயில் கும்பம் தோற்றுப்போகும்.

"இஞ்சாரும், பத்துக் கிலோ கடதாசி. சீடீயில போட்டால் ஒரு அப்பளம்!"

"அப்பளம் நொறுங்குமே?"

"அதுக்குத்தான் ரெண்டு அப்பளம். அதுவும் போனால் கந்தோர் நாடாவில ஒண்டு. மொத்தம் மூண்டு கொப்பி."

"அப்ப கடதாசியை?"

"எரிக்கிறது."

இந்திராதேவியின் ஊசி நின்றது. பிரளயம் வரப்போகிறதென்று கதிர்காமு கதிரையைப் பின்னுக்கு இழுத்தான்.

"சரி, எரிப்பம்," என்றாள்.

கலியாணமான பதினெட்டு வருடத்தில் அவள் ஒரே வசனத்தில் தோற்றதே இல்லை. அப்போதே அவன் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

உப்புக்குளத்துச் சனூனின் கம்பியூட்டர் கடையில் எல்லாம் ஸ்கானாகி, இரண்டு சீடீ வந்தது. கந்தோர் நாடாவிலும் ஒன்று ஏறியது. மறுநாள் அவள் கட்டித் தந்த பொட்டலத்துக்குக் கிணற்றடியில் தீ வைத்தான்.

"அவிழ்த்துப் பாக்கேல்லையோ?"

"சீடீயில இருக்கிறதை ஆரும் கடதாசியில பாப்பினமோ?"

அடுத்த மாதம் அறிவித்தல் வந்தது. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குள் பேமிற்றைக் காட்டிப் பதியாதவனின் காணி வேறு ஆளுக்கு.

கதிர்காமு முதல் சீடீயோடு சைக்கிளேறினான். வீதிச் சோதனைச் சென்றியில் ஆமிக்காரன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "சிந்துத?" என்றான். பாட்டோ என்று கேட்கிறான். காணிக்குச் சிங்களத்தில் என்ன சொல்வதென்று தெரியாத கதிர்காமு பயத்தில் தலையாட்டிவிட்டான். பாட்டென்றால் கேட்க வேண்டாமா? சீடீ சென்றியிலேயே தங்கிவிட்டது.

இரண்டாவதைச் சாப்பாட்டுப் பெட்டிக்கு அடியில் வைத்துக் காணிக் கந்தோர்வரை கொண்டுபோனான். அங்கிருந்த கிளாக்கர் அம்மா அதை வாங்கிப் பார்த்தாள்.

"இதில என்ர முகம் வடிவாத் தெரியுது ஐயா. உங்கட பேமிற்தான் தெரியேல்லை. கடதாசியாக் கொண்டு வாங்கோ."

கடதாசியில் அடித்தெடுக்கச் சனூனிடம் ஓடினான்.

"மெசின் வாசிக்குதில்லை அண்ணே. கணவாய்க் கறி ஊத்துண்டிருக்கு."

"உம்மட கம்பியூட்டரில இருக்குமே?"

"நீங்கதானே ரகசியம், உடனே அழியெண்டு நிண்டு அழிப்பிச்சீங்க!"

மிச்சம் நாடா. கந்தோரில் போட்டுப் பார்த்தான். பேமிற் இருந்த இடத்தில் மூவாயிரம் அகதிகள் வரிசையாக நின்றார்கள். போன வெள்ளி அதே நாடாவில் மேலால் பதிந்த மகானுபாவன் வேறு யாருமில்லை, அவன்தான்.

வெள்ளி மத்தியானம் வீட்டுக்கு வந்து, சாப்பாட்டைத் தொடாமல், சுவரைப் பார்த்தபடி எல்லாவற்றையும் ஒப்புவித்தான். ஐந்து ஏக்கரும் போனது என்று முடித்தான்.

இந்திராதேவி எழுந்தாள். தையல் மெசின் பெட்டியைத் திறந்தாள். உள்ளே குடும்ப அட்டை, பிறப்பு அத்தாட்சி, மடிப்புக் குலையாத பேமிற்.

"அப்ப... நான் எரிச்சது?"

"கொப்பி."

"என்ன கொப்பி?"

"கம்பியூட்டர் வகுப்பில நீங்கள் எழுதின கொப்பியள். பதினொண்டு."

"ஐயோ, அதுக்கு வேற கொப்பி இல்லையே!"

"அவிழ்த்துப் பாக்கேல்லையோ எண்டு கேட்டனான்தானே."

மணி இரண்டேகால். கதிர்காமு பேமிற்றுக்குக் கையை நீட்டினான். அவள் அதை மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்து, சிப்பை இழுத்தாள்.

"நீங்கள் சைக்கிளை உழக்குங்கோ. காணியை நான் கொண்டுவாறன்."