பாடும் நிலையில் ஒரு மோட்டார் சைக்கிள்

நாச்சியார்கரிசல் ஊராட்சி ஒன்றியத்தில் விவசாய விரிவாக்க அலுவலராகப் பதினொரு வருஷம் குப்பை கொட்டிய கருத்தையாவுக்கு, 1979 பங்குனியில், அம்பாசமுத்திரத்துக்கு மாறுதல் ஆணை வந்தது.

அம்பாசமுத்திரம் அவருக்குச் சொந்த ஊர். பொண்டாட்டி ஆறுமுகத்தாயும் ரெண்டு பொம்பளைப் பிள்ளைகளும் அங்கேதான் இருந்தார்கள். நாச்சியார்கரிசலில் குடும்பம் வைக்க வாடகைக்கு ஒரு வீடு கிடையாது. ஊர்க் கிணற்று உப்புத் தண்ணீரில் பருப்பு வேகாது. மனுஷன் ஒன்றிய அலுவலகத்து ஸ்டோர் ரூமில், பூச்சிமருந்து டின்களுக்கு நடுவே பாயை விரித்துப் படுத்துக் காலத்தை ஓட்டினார். "தலைமையிடத்தில் குடியிருக்க வீடின்மையால் குடும்பத்தைப் பிரிந்து வாடும் அலுவலரின் பணிவான விண்ணப்பம்" என்று வருஷம் தவறாமல் ஒரு மனுப் போட்டார். பதினோராவது மனுவுக்குத்தான் சர்க்கார் மனசு இரங்கியது. இரங்கினதிலும் ஒரு கொக்கி வைத்திருந்தது. முப்பது நாளுக்குள் அம்பாசமுத்திரத்தில் போய்ப் பொறுப்பேற்க வேண்டும். இல்லாவிட்டால் ஆணை தானாகவே காலாவதி ஆகிவிடும்.

"முப்பது நாள் எதுக்கு, மூணு நாள்ல வாரேன். ஆத்துல குளிச்சிட்டுத்தான் வீட்டுக்குள்ள காலெடுத்து வைப்பேன்" என்று பொண்டாட்டிக்குக் கார்டு எழுதிப் போட்டார்.

மறுநாள் காலையில் பொறுப்பு ஒப்படைக்க உட்கார்ந்தார். தலைமை எழுத்தர் சங்கரபாண்டி பொருள் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டார். சங்கரபாண்டி லஞ்சம் வாங்க மாட்டார், லீவு எடுக்க மாட்டார், விதியை விட்டு ஒரு இம்மி நகர மாட்டார். அப்படிப்பட்ட ஆளிடம் மாட்டிக்கொண்டால் லஞ்சம் வாங்குகிறவன் தேவலை என்று தோன்றும்.

"தெளிப்பான் மூணு. இருக்கு. மண்வெட்டி ஆறு. காம்பு இல்ல, ஆனா இருக்கு. சுற்றுப்பயண மோட்டார் சைக்கிள் ஒன்று, ரேடியோவுடன், பாடும் நிலையில்." சங்கரபாண்டி கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார். "பாடச் சொல்லுங்க சார்."

இந்த இடத்தில் வண்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஏதோ ஒரு சீமைக்காரன் நம் விவசாயிகள் மேல் இரக்கப்பட்டு இனாமாகக் கொடுத்தது அது. எருமைக்கிடா கணக்காகப் பெரிய வண்டி. பெட்ரோல் டாங்கின் மேல் இரும்புப் பெட்டி, பெட்டிக்குள் ரேடியோ, பெட்டிக்கு ஈயச் சீல். அலுவலர் ஊர் ஊராகச் சுற்றுப்பயணம் போவார், வண்டியை நிறுத்துவார், விவசாயிகள் சுற்றி நின்று விவசாய நிகழ்ச்சி கேட்பார்கள், கேட்டு முன்னேறுவார்கள். திட்டம் அதுதான். சீமைக்காரன் ஊரில் ரோடு இருந்திருக்கும். இங்கே வெயில் காலத்தில் கரிசல் வாய் பிளந்து கிடக்கும், மழை பெய்தால் டயரைப் பிடித்துக்கொண்டு விடாது. குலுங்கிக் குலுங்கி ரேடியோ வாயை மூடி நாலு வருஷம் ஆயிற்று.

அதில் யாருக்கும் நஷ்டம் இல்லை. கருத்தையா தனக்குத் தெரிந்ததை வாயாலேயே சொல்லிவிட்டு வந்துவிடுவார். ஆனால் நாட்குறிப்பில் மட்டும் "இன்று வானொலி மூலம் நாற்பது விவசாயிகள் பயன்பெற்றனர்" என்று நாலு வருஷமும் எழுதி வந்தார். ஊரே கோவில்பட்டித் தேருக்குப் போயிருந்த அன்றைக்கும் நாற்பது பேர் பயன்பெற்றிருந்தார்கள்.

"பாடாது அண்ணாச்சி" என்றார் கருத்தையா.

"எப்பயிருந்து?"

கருத்தையாவுக்கு நாட்குறிப்பு ஞாபகம் வந்தது. "நேத்து சாயங்காலத்துல இருந்து."

"அப்ப ரிப்பேர் பார்த்துக் குடுத்துட்டுக் கிளம்புங்க. பாடாததைப் பாடும்னு எழுதி வாங்கிக்கிட்டா, நாளைக்கு ஆடிட்டுக்காரன் முன்னால நாமில்லா பாடணும்."

கருத்தையா வண்டியைக் கோவில்பட்டிக்கு ஓட்டினார். மார்க்கெட் பக்கம் ரேடியோக் கடை வைத்திருந்த சீனி, பெட்டி இடுக்கு வழியாக ஒரு கண்ணை விட்டுப் பார்த்தான். "உள்ள ஒரு வயர் அத்துக்கிட்டு நிக்கி சார். பத்து நிமிஷ வேலை."

"பாருடே. உனக்குப் புண்ணியமாப் போவும்."

"சீல் இருக்கே சார். சர்க்கார் சீலை ஒடைச்சா என்னை உள்ள வைப்பான், உங்களை வெளிய தள்ளுவான். எழுதிக் கேட்டு ஒரு உத்தரவு வாங்கிட்டு வாங்க."

எழுதிக் கேட்டார். அரசு வாகனப் பட்டறையிலிருந்து பதில் வந்தது: "மேற்படி ரேடியோ பாடாதபோதும் வண்டி ஓடுகிறபடியால், ரேடியோ வண்டியின் பாகம் அன்று. எனவே இவ்வலுவலகம் அதைத் தொட இயலாது." ரேடியோ பராமரிப்புப் பிரிவிலிருந்தும் பதில் வந்தது: "எங்கள் பொறுப்பில் உள்ளவை ஊராட்சிக் கட்டடங்களில் நிலைபெற்ற ரேடியோக்கள் மட்டுமே. ஊர்ந்து திரியும் ரேடியோக்கள் எங்கள் வரம்பில் வாரா."

பதினாலு நாள் போயிருந்தது. ஆறுமுகத்தாயிடமிருந்து கார்டு வந்திருந்தது. "மூணு நாள்னு எழுதினீங்க, எந்த மாசத்து மூணு நாள்னு எழுதலையே" என்று கேட்டிருந்தாள். கருத்தையா கார்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சங்கரபாண்டி முன்னால் போய் உட்கார்ந்தார். மனுஷன் பாதியாக இளைத்திருந்தார்.

"ஒரு வழி இருக்கு சார்" என்றார் சங்கரபாண்டி. "கட்டடத்துல இருக்க ரேடியோவத்தான பாப்பேங்கான்? வண்டியக் கட்டடமாக்கிட்டாப் போச்சு."

"வண்டி எப்படி அண்ணாச்சி கட்டடமாவும்?"

"கட்டடம்னா என்ன சார்? சுவரா? குடிசைக்குச் சுவர் இருக்கா? கூரையா? நம்ம பள்ளிக்கூடத்துக்குக் கூரை இருக்கா? கதவு எண் இருந்தாக் கட்டடம், இல்லைன்னா இல்ல. அம்புட்டுத்தான்."

கருத்தையா யோசித்துப் பார்த்தார். எந்தப் பக்கம் யோசித்தாலும் அது சரியாகவே இருந்தது.

ஊரில் எண்பத்திரண்டு வீடுகள். எண்பத்து மூன்று சும்மாதான் இருந்தது. ஆனால் கதவு எண்ணைக் கதவில்தான் எழுத வேண்டும் என்று விதி. ஆபீஸுக்குத் தெற்கே, சர்க்கார் வறட்சித் தீவனத்தை நம்பி ஆட்டுக்கிடை போட்டிருந்த சுந்தரம்மாளிடம், கதவுக்குப் பதிலாக ஒரு பழைய ஓலைப் படலைக் கேட்டு வாங்கி, வண்டியின் ஹேண்டில்பாரில் கயிறு போட்டுக் கட்டினார்கள். படலில் தகரம் அடித்து, தகரத்தில் வெள்ளைப் பெயிண்டில் 83 என்று எழுதினார்கள். வாகனப் பதிவேட்டில் வண்டியைச் சிவப்பு மையில் அடித்துவிட்டு, கட்டடப் பதிவேட்டில் ஏற்றினார் சங்கரபாண்டி. நான்கு மால் எல்லையும் எழுதினார்: வடக்கே வேப்பமரம், கிழக்கே ஆபீஸ் சுவர், தெற்கே சுந்தரம்மாள் ஆட்டுக்கிடை, மேற்கே குப்பைக்கிடங்கு. "குடியிருப்பவர் பெயர்" என்று ஒரு கட்டம் இருந்தது.

"உங்க பேரைப் போட்டிருக்கேன் சார். கட்டம் காலியா இருந்தாத் திருப்பி அனுப்பிருவான்."

கருத்தையா கையெழுத்துப் போட்டார். அன்று முதல் வண்டியை யாரும் ஓட்டவில்லை. வீட்டை ஸ்டார்ட் செய்ய விதியில் இடமில்லை. கருத்தையா நடந்தே சுற்றுப்பயணம் போனார்.

இருபத்தொன்றாம் நாள் ரேடியோ பராமரிப்பு சூப்பர்வைசர் அழகிரிசாமி ஜீப்பில் வந்து இறங்கினார். படலைத் திறந்து, உள்ளே வந்து, படலைச் சாத்தினார். அதாவது வண்டிக்கு இந்தப் பக்கம் நின்றவர் அந்தப் பக்கம் வந்தார்.

"ஏரியல் மூங்கில் எங்க? இருபது அடி வேணும்."

"நட்டுருதோம் சார்."

"கூரை இல்லையே. மழை பெஞ்சா ரேடியோ நனையாதா?"

"இங்கன மழை பெஞ்சு மூணு வருஷமாச்சு சார்" என்றார் கருத்தையா.

"விதியில மழைன்னுதான் இருக்கு. பெய்யுத மழை, பெய்யாத மழைன்னு பிரிக்கல." அழகிரிசாமி எழுதிக்கொண்டே கேட்டார். "உக்காந்து கேக்குத கட்டடமா, நின்னு கேக்குத கட்டடமா?"

"உக்காந்துதான் சார். ரெண்டு பேர் உக்காரச் சீட் இருக்கு."

அழகிரிசாமிக்குத் திருப்தி. கூரை போட்டு வையுங்கள், ஒரு வாரத்தில் வருகிறேன் என்று போய்விட்டார். அவர் தலை மறைந்ததும் சுந்தரம்மாள் ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள்.

"ஏன் ஐயா, மோட்டாருக்கு நம்பர் குடுத்திய. அதுல கட்டியிருக்க படலு என் கிடைப் படலு. படலுக்குக் கிடைச்சது கிடைக்குக் கிடைக்காதா?"

நம்பர் இருந்தால் ரேஷன் கார்டு, கார்டு இருந்தால் சீனி, மண்ணெண்ணெய். அவள் கேட்டதில் தப்பில்லை. சங்கரபாண்டியும் நியாயஸ்தர். வண்டிக்குக் கொடுத்துவிட்டு ஆட்டுக்கிடைக்கு இல்லை என்றால் அது பாரபட்சம். கிடைக்கு எண்பத்து நாலு கொடுத்தார்.

அதற்குப் பிறகு ஊர் நிற்கவில்லை. மாட்டுவண்டிக்கு நம்பர், வைக்கோல் படப்புக்கு நம்பர், கோழிக்கூண்டுக்கு நம்பர். கோவில்பட்டிக்குப் போய்ப் பெல்பாட்டம் தைத்துக்கொண்டு வந்த இளவட்டங்களை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, நம்பர் வாங்கினவனைத்தான் பார்த்தார்கள். பெண் கொடுக்க வந்த இடத்தில், "மாப்பிள்ளைக்கு எத்தனை ஏக்கர்?" என்று கேட்பது பட்டிக்காட்டுத்தனம் ஆகிவிட்டது. "எத்தனை நம்பர்?" என்றுதான் கேட்டார்கள். இருபத்தேழாம் நாள் சாயங்காலம் சங்கரபாண்டி கூட்டிப் பார்த்தபோது ஊரில் முந்நூற்று ஏழு வீடுகள் இருந்தன. விதிப்படி அன்றைக்கே ஜில்லா ஆபீஸுக்குத் தந்தி கொடுத்தார்.

இருபத்தொன்பதாம் நாள் அழகிரிசாமி வந்தார். ஓலைக் கூரையைத் தட்டிப் பார்த்தார், மூங்கிலை அளந்தார், சீலை உடைத்தார், அற்ற வயரை முறுக்கி விட்டார், புதுச் சீல் வைத்தார். மொத்தம் ரெண்டு நிமிஷம். ரேடியோ கரகரவென்று தொண்டையைச் செருமிக்கொண்டு பாடியது.

ஊரே வந்து கூடிவிட்டது. கருத்தையாவுக்குக் கண் கலங்கிவிட்டது. நாலு வருஷமாக அவர் எழுதிய நாற்பது பேருக்கு மேலேயே அன்றைக்கு நிஜமாகச் சுற்றி நின்றார்கள். நாயனம் முடிந்து மாநிலச் செய்தி வந்தது. கவனமாகக் கேட்டார்கள்.

"கடந்த ஒரே மாதத்தில் இருநூற்று இருபத்தைந்து புதிய வீடுகள் எழும்பியுள்ள நாச்சியார்கரிசல் கிராமம் செழிப்படைந்துவிட்டதால், வறட்சிப் பகுதிப் பட்டியலிலிருந்து அது நீக்கப்படுகிறது. அங்கு இயங்கிவந்த கால்நடைத் தீவன நிலையம் இன்றுடன் மூடப்படும்."

ரேடியோ ரொம்பத் தெளிவாகக் கேட்டது. ஒவ்வொருத்தராகத் தத்தம் வீடுகளுக்குப் போனார்கள்.

கருத்தையா மட்டும் அவசரமாகச் சங்கரபாண்டியை இழுத்துக்கொண்டு வந்தார். "பாடுது அண்ணாச்சி. காதாலக் கேட்டிய. எழுதிக்கிட்டு என்னை விடுங்க. நாளைக்குக் கடைசி நாள்."

சங்கரபாண்டி பதிவேட்டைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், மறுபடியும் பதிவேட்டைப் பார்த்தார். "மோட்டார் சைக்கிள் எங்க சார்?"

"இந்தா நிக்கில்லா?"

"இது எண்பத்து மூணாம் நம்பர் வீடு. உங்க பொறுப்புல மோட்டார் சைக்கிள் ஒண்ணு குறையுது. வீடு ஒண்ணு கூடுது. வீட்டை இடிக்க உத்தரவு வாங்கி, இடிச்சு, இடிஞ்ச சாமான்ல இருந்து வண்டியத் திரும்பப் பதிவேட்டுல ஏத்தணும். நாப்பத்தஞ்சு நாள் ஆவும்." சொல்லும்போது அவருக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. ரெண்டு பேரும் வண்டிச் சீட்டில் முன்னும் பின்னுமாக உட்கார்ந்தார்கள், கொஞ்ச நேரம் ரேடியோ கேட்டார்கள்.

முப்பதாம் நாள் காலைத் தபாலில் ஜில்லா ஆபீஸ் கடிதம் வந்தது. "வீடின்மை காரணமாக மாறுதல் கோரிய அலுவலர், கதவு, இருக்கை, வானொலி ஆகிய வசதிகளுடன் கூடிய கதவு எண் 83-இல் குடியிருந்து வருவது, ரேடியோ சூப்பர்வைசரின் முதல் ஆய்வறிக்கையால் அறியப்படுகிறது. மாறுதலுக்கான காரணம் மகிழ்ச்சிக்குரிய முறையில் நீங்கிவிட்டபடியால் ஆணை ரத்து செய்யப்படுகிறது. அலுவலர் தம் குடும்பத்தை உடனே வரவழைத்துக்கொள்ளலாம். நகல்: அலுவலரின் மனைவி." கருத்தையா ஸ்டோர் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார்.

பத்து நாள் கழித்து மத்தியானப் பஸ்ஸில் ஆறுமுகத்தாய் வந்து இறங்கினாள். ரெண்டு பிள்ளைகள், ஒரு டிரங்குப் பெட்டி, ஆட்டுரல், ஓலைப்பாயில் சுருட்டிய அண்டா குண்டா. ஜில்லா ஆபீஸ் நகலைக் கையிலேயே வைத்திருந்தாள். கருத்தையா எதிரே போய் நின்றார். அவள் நேராகத் தகரத்தில் எழுதிய நம்பரைப் பார்த்து வந்து, எண்பத்து மூன்றை ஒரு சுற்றுச் சுற்றினாள். கூரையை நிமிர்ந்து பார்த்தாள், சீட்டைக் கையால் அழுத்திப் பார்த்தாள். அப்புறம் புருஷனைப் பார்த்தாள்.

"அடுப்ப எங்கன வைக்க?" என்று கேட்டாள்.

தெற்கே இருந்து சுந்தரம்மாள் விளக்குமாற்றோடு வந்து பெட்டியில் ஒரு கை கொடுத்தாள்.

"எண்பத்து நாலுல வச்சுக்கிடுங்க தாயி. தீவனம் நின்னு போச்சு, ஆட்டையெல்லாம் வித்துட்டேன். இப்ப அது வெறும் வீடுதான்."