சகலையும் ஷாக் அப்சார்பரும்

இனிமேல் ஞாயிற்றுக்கிழமைகளில் சகலை வீட்டு வாசற்படியை மிதிப்பதில்லை என்று மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் சபதம் எடுத்தார். வாய்க்குள்ளேயே எடுத்தார். கல்யாணமான ஆண்கள் சபதம் எடுக்க அதைவிடப் பாதுகாப்பான இடம் கிடையாது.

காரணம், சகலை ஓய்வு பெற்றுவிட்டார். சும்மா ஓய்வு பெற்றிருந்தால் பரவாயில்லை, மைக் வைத்த பாட்டுப்பெட்டி ஒன்றும் வாங்கிவிட்டார். இசை பெட்டியிலிருந்து வரும். பாட்டு சகலையிடமிருந்து வரும். இரண்டும் கடைசிவரை ஒன்றையொன்று சந்திக்காது. மனைவியும் அவள் அக்காவும் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஊர்க்கதை பேசுவார்கள். உட்கார்ந்து கைதட்ட இவர் ஒருவர்தான் மிச்சம். வாரம் முழுக்க அடுத்தவர் கண்ணைச் சோதிக்கிற மனிதருக்கு, ஞாயிறு மதியம் தன் கண்ணை மூடக் கொடுத்துவைக்கவில்லை.

வழி காட்டியவர் ஒர்க்ஷாப்காரர். இவருடைய பழைய பைக்கின் பின்பக்கத்தை ஓர் அமுக்கு அமுக்கினார். அது மேலும் கீழுமாக ஆடி, நல்ல புருஷனைப்போல் வெகுநேரம் ‘ஆமாம், ஆமாம்’ போட்டது.

"ஷாக் அப்சார்பர்ல ஆயிலே இல்ல சார். ஜோடியா மாத்திடுங்க. அதுவரைக்கும் ஸ்பிரிங்குக்கு அடியில இருக்கே வளையம், அதைக் கீழ்ப்படியிலயே வைங்க. மேல்படிக்கு ஏத்தினா கல்லு மாதிரி ஆயிடும். பின்னால உக்கார்றவங்க முதுகு காலி."

அவர் எச்சரிக்கையாகச் சொன்னதை இவர் யோசனையாக எடுத்துக்கொண்டார். முன்னால் உட்காருகிறவர் முதுகைப் பற்றி இவரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம், வளையம் திருகும் கொக்கிச் சாவியோடு பைக்கின் பின்னால் குந்தியிருந்தார்.

"என்னங்க பண்றீங்க?"

"ஷாக் அப்சார்பரைச் சரி பண்றேன். உனக்காகத்தான்."

"எனக்காகவா?"

"பின்ன? பின்னால உக்கார்றது நீதானே?"

மனைவி கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். தனக்காகக் கணவர் குனிந்து ஒரு வேலை செய்வதைக் கல்யாணமான நாளிலிருந்து அவள் பார்த்ததில்லை. அப்போதே இவர் சுதாரித்திருக்க வேண்டும்.

மறுநாள் சகலை வீட்டுக்குப் போகும் வழியில், முதல் பள்ளத்திலேயே பலன் கிடைத்தது.

"ஐயோ, ஏங்க, தூக்கித் தூக்கிப் போடுதே."

"வண்டிக்கு வயசாயிடுச்சும்மா. இனிமே தூரமெல்லாம் தாங்காது. அக்காவைப் போன்லயே பாத்துக்கயேன்."

"பாக்கலாம்."

அந்தப் ‘பாக்கலாம்’ தனக்கு வெற்றி என்று அவர் எடுத்துக்கொண்டார். குடும்பஸ்தன் செய்யக்கூடாத தப்பு.

அடுத்த ஞாயிறு பைக்குக்குப் புது சீட் கவர் வந்திருந்தது. "பழசு கிழிஞ்சிருந்ததுல்ல? நேத்து கொடுத்துத் தைச்சேன்," என்றாள். கலர் நன்றாக இருப்பதாக இவர் பாராட்டு வேறு தெரிவித்தார்.

அன்று பின்னாலிருந்து ஒரு முனகல்கூட இல்லை.

"வலிக்கலையா?"

"இல்லையே. நீங்க சரி பண்ணினப்புறம் சுகமா இருக்கு. குழாய்க்குத் தோண்டிப் போட்டிருக்காங்களே, அந்த ரோட்டு வழியா போங்க. அங்க ஒரு பட்டன் கடை இருக்கு, திறந்திருக்கான்னு பாக்கணும்."

திறக்கவில்லை. சகலையின் பாட்டெல்லாம் முடிந்து திரும்பும்போது, "இப்ப திறந்திருப்பாங்க, எதுக்கும் அந்த வழியாவே போயிடலாம்," என்றாள். அப்போதும் திறக்கவில்லை. அவருக்கு இடுப்பெலும்பு ஒவ்வொன்றும் தனித்தனியாக அறிமுகமானது.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினார். வண்டி நிமிர்ந்து நின்றது. இவர் நிமிரவில்லை.

டாக்டர் இடுப்பில் பட்டை கட்டி, ஒரு மாதம் அசையக்கூடாது என்றார். வலியிலும் இவருக்குச் சிரிப்பு வந்தது. ஒரு மாதம் சகலை வீடு இல்லை. முதுகு தோற்றால் என்ன, சபதம் ஜெயித்துவிட்டது.

ஞாயிறு மதியம் கண்ணை மூடினார். வாசலில் அவருடைய பைக்கின் சத்தம். மனைவி ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே உள்ளே வந்தாள்.

"வண்டியை நீயா ஓட்டின?"

"ஷாக் அப்சார்பரை ஜோடியா மாத்திட்டேங்க. தொட்டில் மாதிரி போகுது. பழசை யாரோ மேல்படிக்கு ஏத்தி வெச்சிருந்தாங்களாம். ஒர்க்ஷாப்காரர் தலையில அடிச்சுக்கிட்டார்."

"யாராம்?"

"நானும் அதைத்தான் கேட்டேன்."

"உனக்கு மட்டும் எப்படி வலிக்கல?"

"சீட்டுக்குப் பின்பாதியில நாலு விரல் கனத்துக்கு ஸ்பான்ஜ் வெக்கச் சொன்னேன்."

"முன்பாதிக்கு?"

"கவர் மட்டும். பின்னால உக்கார்றது நான்தானேன்னு நீங்கதான சொன்னீங்க?"

இவர் அவசரமாகப் பேச்சை மாற்றினார்.

"சரி, இப்ப எங்க போயிட்டு வர?"

"ஒரு மாசம் தனியா படுத்திருந்தா உங்களுக்குப் பொழுதே போகாதே. அதான் அத்தானைப் பின்னால வெச்சுக் கூட்டிட்டு வந்தேன். அக்கா பெட்டி படுக்கையோட பஸ்ல வரா."

நிலைப்படியில் சகலை நின்றார். தோளில் பாட்டுப்பெட்டி. கட்டிலோரம் உட்கார்ந்து மைக்கை இரண்டு தட்டு தட்டிப் பார்த்தார். பிறகு இவர் பக்கம் அன்போடு குனிந்தார்.

"முதுகுதானே சகலை? கை நல்லாத்தானே இருக்கு?"