எங்கள் வீட்டு டெய்சி சூல் கட்டியபோது

கல்யாணமாகி வேறு ஊருக்குப் போகிற பெண்கள் பாத்திரம் பண்டம், துணிமணி, கோபம் எல்லாவற்றையும் தாராளமாக எடுத்துக்கொண்டு போகலாம். பிறந்த ஊரின் சொற்களை மட்டும் பெட்டிக்கு அடியில் போட்டுப் பூட்டிவிட வேண்டும். நான் பூட்டவில்லை. அதில் ஒரு சொல் வெளியே வந்து என் கொழுந்தனின் கல்யாணத்தையே கவிழ்க்கப் பார்த்தது.

நான் பிறந்தது பழவேற்காட்டு ஏரிக்கு மேற்கே, நெல் விளைகிற ஊரில். வாழ்க்கைப்பட்டது ஏரிக்கரையில் இருக்கிற தோணிரேவு என்ற ஊரில், மீன்பிடிக் குடும்பத்தில். (காதல் கல்யாணம். அந்தச் சண்டையிலும் நான்தான் ஜெயித்தேன்.) வீட்டுக்குப் பின்னால் நல்ல இடம் இருந்தது, ஆனால் முழுக்க மணல். "இங்க தோட்டம் போடப் போறேன்" என்று வந்த புதிதில் அறிவித்தேன். "இந்த மண்ணுல நண்டுதான் மொளைக்கும்" என்றார் கணவர். விவசாயி மகளிடம் சொல்லக்கூடிய பேச்சா அது? தக்காளி வைத்தேன், செத்தது. ரோஜா வைத்தேன், உப்புத் தண்ணீர் குடித்து அதுவும் செத்தது. ஒவ்வொரு சாவுக்கும் கணவர் துக்கம் விசாரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கொழுந்தன் சேகர் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலை பார்ப்பவன். என் பக்கம் நின்ற ஒரே ஆள். போனில் தேடி ஒரு விதைப் பொட்டலம் வரவழைத்துக் கொண்டுவந்தான். "அண்ணி, இதுக்கு மணலுதான் புடிக்குமாம். ஆப்பிரிக்கன் டெய்சி!" என்றான்.

பொட்டலத்தைப் பிரித்தோம். விதைகள் தட்டையாக, மெல்லிசாக இருந்தன. "இன்னாது, மீன் செதிலா?" என்று கேட்டார் மாமனார். வீட்டில் எல்லோரும் அவரை நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனாவுக்குக் காது பாதிதான் கேட்கும். மீதிப் பாதியை அவரே இட்டு நிரப்பிக்கொள்வார்.

முதல் தடவை எனக்குத் தெரிந்த விவசாயத்தைக் காட்டினேன். விதைநெல் மாதிரி ஊறவைத்து, சேறு குழைத்து, நாற்றங்கால் விட்டேன். அத்தனையும் அழுகிப் போயிற்று. மிச்சமிருந்த விதையைத்தான் சேகர் பேச்சைக் கேட்டு ஈரமணலில் சும்மா தூவிவிட்டேன். முளைத்தது! சத்துக்கு மீன் கழுவிய தண்ணீரை ஊற்றினேன். (அந்த ஊர்ப் பூனைகள் எல்லாம் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் கூடியது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.) பூனை தோண்டியது போக, கோழி கிளறியது போக, மிச்சத்தைக் காப்பாற்ற சேகர் பழைய வலையை எடுத்துவந்து பாத்திமேல் கட்டினான்.

அதன்பிறகு வீட்டில் வேறு பேச்சே இல்லை. 'டெய்சிக்குத் தண்ணி வச்சியா?', 'டெய்சி வலைக்குள்ள பத்திரமா கீறாளா?' என்று சேகர் வேலையிலிருந்து போன் போட்டுக் கேட்பான். அவள் இவள் என்றே பழகிவிட்டது. தை மாதக் கடைசியில் ஒருநாள் காலை பாத்திக்குப் போனேன். செடிகளின் நுனியில் குண்டு குண்டாக மொட்டு. எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் ஊரில் நெற்பயிருக்குள் கதிர் உருவாகித் தண்டு உப்பி நிற்கும்போது பயிர் சூல் கட்டிவிட்டது என்போம். அந்தப் பூரிப்பில் வீடு அதிரக் கத்தினேன்.

"நைனா! டெய்சி சூலு கட்டிட்டா!"

இது அவருடைய நல்ல காதில் விழுந்தது.

அந்தச் சமயம் சேகருக்குப் பெண் பேசி முடித்திருந்தோம். கடலோரக் குப்பத்துப் பெண், பெயர் செல்வி. நிச்சயத்துக்கு நாள் பார்க்க வேண்டியதுதான் பாக்கி. செல்வி என்றால் சேகருக்கு உயிர். போனில் அவள் பெயர் வந்தாலே எழுந்து வெளியே போய்விடுவான். அந்தச் செல்வியின் அப்பாவைத்தான் நைனா மறுநாள் மீன் ஏலம் போடுகிற இடத்தில் பார்த்தார். அங்கே நடந்த பேச்சை இரண்டு பக்கமும் விசாரித்து, பிறகு நாங்கள் கோத்துக்கொண்டது இது.

"ஊட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்று கேட்டிருக்கிறார் செல்வியின் அப்பா.

"சௌக்கியம். மருமவளுக்கு டெய்சியப் பாத்துக்கவே நேரம் சரியாக் கீது."

"டெய்சியா? அது யாரு?"

"ஆப்பிரிக்கா. நம்ம சேகருதான் இட்டாந்தான்."

"சேகரா? இட்டாந்து எங்க வச்சிருக்கான்?"

"பின்னாடிதான். வலையப் போட்டு மூடி வச்சிக்கிறோம். இப்ப சூலா கீறா."

செல்வியின் அப்பா ஏலத்தில் எடுத்த இறாலைக்கூட மறந்துவிட்டுப் பஸ் ஏறப் போயிருக்கிறார். நைனா விடவில்லை. பின்னாலிருந்து குரல் கொடுத்தாராம்: "வெளிய வந்ததும் சொல்லி அனுப்பறேன், குடும்பத்தோட வந்து பாருங்க!"

வீட்டுக்கு வந்து எங்களிடம், "சம்பந்திக்கு டெய்சி மேல இன்னா பாசம்! சொன்னதும் கண்ணு கலங்கிடுச்சி" என்றார். நான் பெருமையோடு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினேன்.

அடுத்த நாள் காலையில் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள், செல்வியின் அப்பாவும் அம்மாவும். முகத்தில் ஈயாடவில்லை. சொம்பில் தண்ணீர் கொடுத்தேன், வாங்கவில்லை. கணவர் ஏரிக்குப் போயிருந்தார். சேகர் தலையைக்கூட வாராமல் ஓடிவந்து நின்றான்.

"எங்கம்மா அந்தப் பொண்ணு?" என்றார் செல்வியின் அப்பா.

"எந்தப் பொண்ணு மாமா?"

"டெய்சி."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த நேரத்தில் சிரித்தது மகாதப்பு. செல்வியின் அம்மா கிடுகிடுவென்று உள்ளே போய்விட்டார். அறை, குளியலறை, கட்டிலுக்கு அடி, அரிசி டிரம்முக்குப் பின்னால் எல்லாம் பார்த்தார். பிறகு கொடியில் தொங்கிய சுடிதாரை ஒரு விரலால் தூக்கிக் காட்டினார்.

"இது யாருது?"

"என்னோடதுதான் அத்த."

என்னை மேலிருந்து கீழே பார்த்தார், சுடிதாரைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். "பொய் சொன்னாலும் அளவு பாத்துச் சொல்லணும்" என்றார். (கல்யாணத்துக்கு முன் வாங்கியது. எப்படியும் இளைத்துவிடுவேன் என்று வைத்திருந்தேன்.)

"மாமா, அது வெதைங்க. நான்தான் வாங்கியாந்தேன்..." என்று ஆரம்பித்தான் சேகர்.

"வாய மூடு. நீ வெதைச்சதெல்லாம் போதும்!"

சேகருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதைப் பார்த்ததும் என் சிரிப்பு போய்விட்டது. என் வாயால் அல்லவா இந்தப் பிள்ளையின் கல்யாணம் போகிறது! செல்வியின் அப்பா அம்மா இருவரையும் கையைப் பிடித்துப் பின்பக்கம் இழுத்துப் போனேன். அதற்குள் வேலியோரம் பாதித் தெரு கூடிவிட்டது.

நேற்றுச் சாயங்காலம் வரை ஜொலித்த பாத்தி. நைனா ஏலத்துக்குப் போயிருந்தபோது மொட்டுகள் விரிந்து, ஆரஞ்சும் வெள்ளையுமாக நான் பார்த்துப் பார்த்து வயிறு குளிர்ந்த பாத்தி. இப்போது ஒரு பூவைக்கூடக் காணோம்! எல்லாம் இதழைச் சுருட்டி மூடிக்கொண்டு நின்றன. வானம் முழுக்க மேகம். வெயில் இல்லையென்றால் இந்தப் பூ திறக்காது.

"இதுதான் மாமா டெய்சி" என்றேன்.

"வாடின செடியக் காட்டி ஏமாத்தப் பாக்கறியா?" என்றார் அம்மா.

"வாடல அத்த. தூங்குது. வெயிலு வந்தா எழுந்துக்கும்."

"செடி தூங்குதாம், செடி முழுகாம கீதாம்! கெளம்பு, போலாம். இந்தச் சம்பந்தமே வேணாம்" என்று தன் கணவரைப் பார்த்துச் சொன்னார்.

எந்தத் தெய்வம் அந்தக் கேள்வியை என் வாயில் வைத்ததோ தெரியாது. "மாமா, இந்த மேகம் எப்பக் கலையும்?" என்று கேட்டேன்.

அவர் கோபமாகத்தான் இருந்தார். ஆனால் வாழ்நாள் முழுக்கக் கடலுக்குப் போனவர். அவரிடம் வானத்தைப் பற்றிக் கேட்டுவிட்டால் பதில் சொல்லாமல் நகர முடியுமா? தலை தானாக மேலே போயிற்று. மேற்கே திரும்பி முகத்தில் காற்றை வாங்கினார்.

"கரைக்காத்து எடுத்துக்கிச்சி. கொஞ்ச நேரத்துல வெளுத்துடும்."

வேலியோரம் இருந்த ஒருவர், "அட போய்யா, இன்னைக்கெல்லாம் வெளுக்காது" என்று ஒரு வார்த்தை விட்டார். அவ்வளவுதான். செல்வியின் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டார். "வெளுக்குதா இல்லையா பாரு!" அந்த வார்த்தை விட்ட புண்ணியவானுக்கு இன்றுவரை என் வீட்டு நண்டுக் குழம்பு போய்க்கொண்டிருக்கிறது.

மேகம் விலகியது. வெயில் பாத்தியில் விழுந்தது. ஒன்றும் நடக்கவில்லை. அம்மா பெருமூச்சு விட்டார். நான் வலையைப் பிரித்துவிட்டு, நாற்றங்காலில் பட்ட அவமானத்தையெல்லாம் மறந்து, 'தாயே, கண்ணைத் திற' என்று மனதுக்குள் கெஞ்சினேன். மெல்ல ஓர் ஆரஞ்சுப் பூ இதழை நெகிழ்த்தியது. பக்கத்தில் ஒரு வெள்ளை. அப்புறம் இங்கொன்று, அங்கொன்று. பார்த்துக்கொண்டே இருக்கும்போது, நண்டு மட்டுமே முளைக்கும் என்ற மணல் முழுக்க நிறமாகிவிட்டது. வேலியோரம் யாரோ விசிலடித்தார்கள். நான் வெட்கமில்லாமல் கைதட்டினேன்.

செல்வியின் அம்மா குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு பூவைத் தொட்டுப் பார்த்தார். "அடியம்மா, மெய்யாலுமே பூதானா!" என்றார்.

"வெளிய வந்தா சொல்லி அனுப்பறேன்னேனே, அதுக்குள்ள இன்னா அவசரம்?" என்றார் அப்போதுதான் ஏலத்திலிருந்து திரும்பிய நைனா.

அப்போதுதான் செல்வியின் அப்பாவுக்கும் விஷயம் புரிந்தது. அவர் சிரித்த சிரிப்பில் கோழிகள் சிதறி ஓடின. சேகரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பிறகு, "தண்ணி குடும்மா" என்றார். சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்து முடித்தார். செல்வியின் அம்மா போகும்போது என்னிடம் வேரோடு இரண்டு செடி கேட்டு வாங்கிக்கொண்டு போனார். ஏரியிலிருந்து திரும்பிய கணவரைக் கையைப் பிடித்து அழைத்துப் போய்ப் பாத்தியின் முன் நிறுத்தினேன். அன்று முழுக்க அவர் நண்டு என்ற வார்த்தையையே எடுக்கவில்லை.

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. மணமேடை ஓரம் என் டெய்சிதான் அலங்காரம். (பகல் முகூர்த்தம். வெயிலைக் கேட்டுத்தான் நேரம் குறித்தோம்.) மறுவருஷம் ஒருநாள் சேகர் சந்தோஷம் தாங்காமல் மாமனாருக்குப் போன் போட்டான். நாங்கள் எல்லோரும் சுற்றி நின்றோம்.

"மாமா, செல்வி முழுகாம கீறா!"

அந்தப் பக்கம் அவர் தொண்டையைச் செருமிக்கொள்வது கேட்டது.

"எந்தச் செல்விடா?" என்றார் அவர். "செடியா, என் பொண்ணா?"