தேங்காயோடு ரூம் பார்க்கப் போனவர்

கடவுள் உலகத்தைப் படைச்சு முடிச்சதும் ஃபைனல் இன்ஸ்பெக்ஷனுக்கு ரிஜெக்ட் அண்ணன்கிட்ட அனுப்பி வச்சிருந்தா, நாம யாரும் இன்னும் பொறந்தே இருக்க மாட்டோம். யானைக்கு மூக்கு அளவு தாண்டிப் போயிருக்குன்னு ஒரு சிவப்பு ஸ்டிக்கர். நிலா தினமும் ஒரே சைஸ்ல வரலன்னு இன்னொண்ணு. மொத்தத்தையும் திருப்பி அனுப்பிட்டு டீ குடிக்கப் போயிருப்பார்.

ஒரகடத்துல கார் பாகம் செய்யிற ஒரு கம்பெனியில எங்க வீட்டுக்காரர் லைன்ல வேலை செய்யிறார். அந்த லைன் முடியிற இடத்துல உட்கார்ந்து, வர்ற ஒவ்வொரு பீஸையும் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஆகாததுக்குச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுறதுதான் ரிஜெக்ட் அண்ணனோட வேலை. அவருக்குன்னு ஒரு பேர் ஐ.டி. கார்டுல இருக்கு. அதை யாரும் படிச்சதா எனக்குத் தெரியல.

வேலையை வேலை இடத்துலயே விட்டுட்டு வர்ற ஆள் இல்ல அவர். சட்டைப் பையில எப்பவும் அந்த ஸ்டிக்கர் இருக்கும். ஒரு நாள் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன்ல இறங்கி ஷேர் ஆட்டோ ஏறினவர், பிரேக் சரியில்லன்னு டிரைவர் சீட்டுக்குப் பின்னாடி ஒண்ணு ஒட்டிட்டார். அதுக்கப்புறம் அந்த ஸ்டாண்டுல ஒரு ஆட்டோவும் அவரை ஏத்தல, பைக் வாங்க வேண்டியதாப் போச்சு. பொண்ணு பார்க்கப் போன இடத்துல பஜ்ஜி ஒரே அளவா இல்லன்னு தட்டோட திருப்பி அனுப்பினவராம். "பஜ்ஜி பின்னாடியே மாப்பிள்ளையும் திரும்பிப் போகட்டும்"னு உள்ளேயிருந்து பொண்ணு சொல்லியிருக்கு. அந்தப் பொண்ணுதான் இப்போ அண்ணி. அவரை ரிஜெக்ட் பண்ணின ஒரே ஆளுன்ற மரியாதை அவங்களுக்கு இன்னைக்கு வரைக்கும் உண்டு.

இப்பேர்ப்பட்ட ஆள்கிட்டதான் எங்க வீட்டுக்காரர் போய் வாயைக் குடுத்தார்.

எங்க பாப்பா கொஞ்சம் அவசரக்காரி. எட்டாம் மாசமே வந்துட்டா. இருபத்திரண்டு நாள் ஆஸ்பத்திரியில கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருந்தா. வட்ட ஓட்டை வழியா கையை விட்டுத்தான் அவளைத் தொட முடியும். வீட்டுக்குத் தூக்கிட்டு வந்த பிறகும் எனக்கு அந்தப் பயம் விடல. அவ தூங்கினா நான் தூங்க மாட்டேன். மூக்குக்குக் கீழ விரலை வச்சு, மூச்சு வருதா வருதான்னு பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருப்பேன். சேர்ந்தாப்புல ஒரு மணி நேரம் கண்ணை மூடினதா எனக்கு ஞாபகமே இல்ல.

அவ பொறந்து எட்டு மாசம் முடிஞ்சப்போ டாக்டர் எடை போட்டுப் பார்த்துட்டு, இனிமே இவளும் எல்லாக் குழந்தை மாதிரிதான், எங்க வேணும்னாலும் தூக்கிட்டுப் போங்கன்னு சொல்லிட்டார். எங்க வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியல. பெங்களூர் ரோட்டுல இருக்கிற தீம் பார்க்குக்குப் போய் ஒரு நாள் தங்கிட்டு வரலாம்னார். நானும் சரின்னேன். எனக்கு ராட்டினமும் வேணாம், சறுக்கு மரமும் வேணாம். வேற ஒரு கட்டில்ல படுத்தாலாவது ஒரு நல்ல தூக்கம் வராதான்ற ஆசை மட்டும்தான்.

மறுநாள் கேன்டீன்ல இவர், கைக்குழந்தையோட போனா அங்க எந்த இடத்துல தங்கலாம்னு பொதுவா கேட்டிருக்கார். ரிஜெக்ட் அண்ணன் சோத்துத் தட்டைத் தள்ளி வச்சுட்டாராம். கைக்குழந்தையை இன்ஸ்பெக்ஷன் பண்ணாத ரூமுக்குத் தூக்கிட்டுப் போறதான்னு அவருக்கு மனசு ஆறல. ரெண்டு ஞாயித்துக்கிழமை டைம் குடுன்னு சொல்லிட்டார்.

முதல் ஞாயிறு காலையில கையில இஞ்ச் டேப்போட எங்க வீட்டுக்கு வந்து நின்னார். எங்களுது பிள்ளைப்பாக்கத்துல ஒரு மாடிப் போர்ஷன். பின்பக்கச் சுவரை ஒட்டி ஒரு சின்ன பிரஸ் ஷாப். மூணு ஷிப்டும் மெஷின்ல தகடு அடிச்சுக்கிட்டே இருப்பாங்க. எங்களுக்கு அது பழகிப்போச்சு, வர்றவங்கதான் கத்திப் பேசணும். அண்ணனும் கத்திப் பேசிக்கிட்டே பாப்பா தலையைச் சுத்தி டேப்பு வச்சு அளந்து நோட்டுல எழுதினார். நேரா முக்குக் கடைக்குப் போனார். அரை மணி நேரம் பொறுக்கி, உரிச்ச தேங்காய் ஒண்ணோட திரும்பி வந்தார். எதுக்குண்ணா இதுன்னேன்.

"பாப்பா தல சைஸு. பால்கனிக் கம்பி நடுவுல இது பூந்துச்சுன்னா அந்த ரூம் நமக்கு வாணாம்."

இதுக்கு மேல என்ன கேட்கிறது? நான் காபி போடப் போயிட்டேன்.

முதல்ல அவர் பார்த்தது பார்க் கேட்டுக்கு எதிர்ல இருக்கிற ஒரு ஹோட்டல். முதல் மாடி. பால்கனிக் கம்பி நடுவுல தேங்காயை வச்சு ஒரு அழுத்து அழுத்தியிருக்கார். அது வழவழன்னு பூந்து, கீழே நீச்சல் குளத்துல நிம்மதியா மிதந்துக்கிட்டிருந்த ஒருத்தருக்கு ரெண்டு முழம் தள்ளிப் போய் விழுந்துது. குளம் காலியாயிடுச்சு. செக்யூரிட்டி விசிலோட ஓடி வந்து யாருங்க தேங்காய் போட்டதுன்னு சத்தம் போட்டிருக்கார். அண்ணன் மேலேயிருந்து எட்டிப் பார்த்து, தேங்காய் மேல தப்பில்ல, அதைப் போக விட்ட கம்பி மேலதான் தப்புன்னு விளக்கம் சொன்னாராம். வெளியில தள்ளினப்போகூட, என் அளவு பார்க்கிற கேஜைக் குடுங்கன்னு தேங்காயைக் கேட்டு வாங்கிட்டுத்தான் வந்தார்.

ரெண்டாவது ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு சர்வீஸ் அப்பார்ட்மென்ட். கம்பெனிகளுக்கு வர்ற கொரியாக்காரங்க தங்குற இடம். அங்க தரை மட்டமா இருக்கான்னு பார்க்க ஹால்ல தேங்காயை உருட்டி விட்டார். அது நேரா பாத்ரூமுக்குள்ள போச்சு. தவழுற குழந்தையும் அப்படித்தானே போகும்? ரிஜெக்ட். எதிர் ரூம் கொரியாக்காரர் இதை ஏதோ பூஜைன்னு நினைச்சு, செருப்பைக் கழட்டிட்டு, கடைசி வரைக்கும் கை கட்டி நின்னாராம். அவரை மட்டும் அண்ணனுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு.

அடுத்த ஞாயிறு பார்க்குக்குள்ளேயே இருக்கிற ரிசார்ட். ரிசப்ஷன்ல இருந்த பொண்ணு பாவம், சின்ன வயசு, சாவியை எடுத்துக்கிட்டு அவர் பின்னாடியே நடந்திருக்கு. ஒவ்வொரு ரூம்லயும் அண்ணன் நாலு கால்ல தவழ்ந்தார். குழந்தை கண்ணு எந்த உயரத்துல இருக்குமோ அந்த உயரத்துல பார்த்தாத்தான் தெரியும்ன்றது அவர் வாதம். அப்படித் தவழ்ந்ததுல ஒரு சேஃப்டி பின், ஒரு சட்டைப் பட்டன், பாதி மாத்திரை எல்லாம் கிடைச்சுது. வரிசையா ரிசப்ஷன் மேசை மேல அடுக்கி வச்சுட்டார். கீழ்த்தளத்துல நாலாம் நம்பர் ரூமுக்குள்ள நுழைஞ்சதுதான் தாமதம், ஃபோன்ல சத்தம் அளக்கிற ஆப் எகிறிடுச்சு. பக்கத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் துணி துவைக்கிற பெரிய மெஷினுங்க. மனுஷன் தங்குற இடமா இதுன்னு அந்தப் பொண்ணைக் கேட்டுட்டு, கதவுலயே ஒரு ஸ்டிக்கரை ஒட்டினார்.

கடைசியில மரத்துக்கு நடுவுல, ஒதுக்குப்புறமா ஒரு காட்டேஜ். கம்பியில தேங்காய் நுழையல, தரையில உருளல, ஆப்ல முள்ளு அசையல. அவ்வளவு அமைதி. அந்த ஒரு ரூம்ல இருந்து அவர் ஸ்டிக்கர் ஒட்டாம வெளியில வந்தார்னு லைன்ல ஒரு வாரம் இதே பேச்சு. சிலர் அவருக்கு உடம்பு சரியில்லையோன்னு விசாரிச்சாங்க.

போற அன்னைக்கு ரிஜெக்ட் அண்ணன் தன் மச்சான் காரை வாங்கிட்டு வந்து அவரே எங்களைக் கூட்டிட்டுப் போனார். புது லைன்ல முதல் பீஸ் ஓடுறப்போ பக்கத்துல நிக்கிற மாதிரி, பாப்பா தூங்குறதைப் பார்த்துட்டுக் கிளம்பிடுறேன்னார். பதினோரு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். காட்டேஜ் அழகுன்னா அழகு. வீட்டுல கட்டுற அதே பழைய சேலையைக் கொண்டு போயிருந்தேன். மடக்குத் தொட்டில் ஸ்டாண்டுல தூளி கட்டி, பால் குடுத்து, பன்னிரண்டு மணிக்குப் பாப்பாவைப் போட்டேன்.

போட்ட நிமிஷம் ஆரம்பிச்சா பாருங்க அழுகையை. ஆட்டினேன், நிக்கல. தோள்ல போட்டேன், நிக்கல. எங்க வீட்டுக்காரர் தனக்குத் தெரிஞ்ச மிருகம் எல்லாமா கத்திக் காட்டினார், அதுக்கு இன்னும் பயந்து அழுதா. கண்ணை மூடுவா, உடனே திடுக்குன்னு முழிச்சுக்குவா. ஒரு மணி ஆச்சு, ரெண்டு மணி ஆச்சு. தொண்டை கம்மிப்போச்சு அவளுக்கு.

தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். காய்ச்சல் இல்ல, வயிறு மெத்துன்னுதான் இருக்கு, பாலும் குடிச்சா. ஆனா என் கண்ணு முன்னாடி அந்தக் கண்ணாடிப் பெட்டிதான் நிக்குது. டாக்டர் சொன்னதை நம்பி வந்தது என் புத்தின்னு திட்டிக்கிட்டே பையில துணியை அள்ளித் திணிச்சேன். இனிமே வீட்டு வாசப்படியையே தாண்டக் கூடாதுன்னு முடிவு பண்ணிட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போலாம், வண்டியை எடுங்கன்னு இவர்கிட்ட கத்தினேன்.

வெளியில குறுக்கும் நெடுக்குமா நடந்துக்கிட்டிருந்த ரிஜெக்ட் அண்ணன் உள்ளே வந்தார். மூஞ்சி செத்துக் கெடந்துது. அவர் பாஸ் பண்ணின ஒரே ரூம் அது.

"தங்கச்சி, அஞ்சே நிமிஷம் குடு. அப்பால நானே வண்டிய ஓட்றேன்."

அவங்க வேலையில ஒரு வழக்கம் உண்டாம். நல்லா ஓடிக்கிட்டிருந்த லைன்ல திடீர்னு பீஸ் கெட்டுப்போனா, யார் தப்புன்னு கேட்கக் கூடாது. என்ன மாறிச்சுன்னு கேட்கணும். ஆள், பொருள், முறை, மெஷின், இந்த நாலுல ஏதோ ஒண்ணு மாறியிருக்கும். அண்ணன் விரலை மடக்க ஆரம்பிச்சார். ஆள் மாறல, அதே அம்மா, அதே அப்பா. பொருள் மாறல, அதே பால். முறை மாறல, அதே சேலை, அதே தூளி. நாலாவது விரலை மடக்கப் போனவர் அப்படியே நின்னுட்டார். பாப்பா மூச்சு வாங்கிக்க ஒரு விநாடி அழுகையை நிறுத்தினா. அந்த ஒரு விநாடி ரூம்ல ஒரு சத்தம் இல்ல.

"மெஷின் இல்லியே தங்கச்சி. உங்க வூட்டாண்ட பிரஸ் ஓடிக்கினே கீதே."

சொல்லிட்டு அவர் ரூம் அலமாரிப் பலகையில உள்ளங்கையால தட்ட ஆரம்பிச்சார். ரெண்டு அடி, ஒரு இடைவெளி. ரெண்டு அடி, ஒரு இடைவெளி. எங்க பிரஸ் ஷாப்போட அடி அப்படியே. எட்டு மாசமா சுவத்துக்குப் பின்னாடி கேட்டும் என் காதுல விழாத சத்தம், அப்பத்தான் எனக்கே முதல் தடவையா கேட்டுது. பாப்பா அழுகையை நிறுத்திட்டு அலமாரியைப் பார்த்தா. ஒரு கொட்டாவி விட்டா. அண்ணன் கை வலிச்சு நிறுத்தினார், உடனே அவ திரும்பவும் அழ ஆரம்பிச்சுட்டா. அலமாரியை எவ்வளவு நேரம் தட்ட முடியும்? பக்கத்து காட்டேஜ்ல இருந்து வேற ஒருத்தர் வந்து, இங்க என்ன ஆசாரி வேலை நடக்குதான்னு கேட்டுட்டுப் போனார்.

அண்ணன் பாப்பாவைத் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டு விறுவிறுன்னு ரிசப்ஷனுக்கு நடந்தார். நாங்க பின்னாடியே ஓடினோம். நாலாம் நம்பர் ரூம் வேணும்னார். அந்தப் பொண்ணு முழிச்சுது. சார், அதை நீங்க ஸ்டிக்கர் ஒட்டின அன்னையில இருந்து யாருக்கும் குடுக்கறதில்லன்னு சொல்லுச்சு. இருபது வருஷமா ஒட்டின ஸ்டிக்கரை ஒரு தடவைகூடத் திரும்ப எடுக்காத மனுஷன் அவர். அதுக்காக மேனேஜர் வரைக்கும் சண்டை போட்டவர். அவர் அந்தச் சின்னப் பொண்ணு முன்னாடி ஒரு கையால பாப்பாவைப் பிடிச்சுக்கிட்டு, இன்னொரு கையை நெஞ்சுல வச்சு நின்னார்.

"ரூம்ல கோளாறு இல்லம்மா. நான்தான் தப்பாப் பார்த்துட்டேன்."

அந்தப் பொண்ணு சாவியை எடுத்துக் குடுத்துடுச்சு.

நாலாம் நம்பர்ல சுவர் அதிருது, தரை அதிருது, மேசை மேல இருந்த டம்ளர் தானா நகருது. தூளியில போட்டேன். ரெண்டு ஆட்டு. பாப்பா வாயைச் சப்புக் கொட்டினா, கண்ணு சொருகிடுச்சு. எனக்கு உடம்புல இருந்து ஏதோ ஒண்ணு கழண்டு விழுந்தாப்புல இருந்துது. எங்க வீட்டுக்காரர் பையைத் தலைக்கு வச்சுத் தரையிலேயே சாஞ்சுட்டார். நான் கட்டில் ஓரத்துல படுத்து, வழக்கம்போல அவ மூக்குக்குக் கீழ விரலை வச்சேன். அவ்வளவுதான் ஞாபகம்.

முழிச்சப்போ ஜன்னல்ல வெயில் இறங்கியிருந்துது. தூளி காலியா இருந்துது.

அப்போ எனக்கு வந்த பதைப்பை இப்போ எழுதுறப்போகூட சொல்லத் தெரியல. இவர் கீழே குறட்டை விட்டுக்கிட்டிருக்கார். கதவைத் திறந்துக்கிட்டு ஓடினேன். வராந்தாவுல, லாண்டரி வாசல்ல, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில ரிஜெக்ட் அண்ணன். மடியில பாப்பா கொட்டக் கொட்ட முழிச்சுக்கிட்டு, மெஷின் கண்ணாடிக்குள்ள துணி சுத்துறதைப் பார்த்துச் சிரிக்கிறா. அவர் சட்டை பூரா எச்சில். மூணு மணிக்கே கிளம்பியிருக்க வேண்டியவர், மூணு மணி நேரமா அங்கயேதான் உட்கார்ந்திருந்திருக்கார். நடுவுல பாப்பா சிணுங்கினதும் சத்தம் இல்லாம வந்து தூக்கிட்டுப் போயிருக்கார். அந்த ரிசப்ஷன் பொண்ணுதான் பால் ஆத்திக் குடுத்துதாம்.

நான் மூச்சு வாங்க நிக்கிறேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பாப்பாவைப் பத்தி ஏதாவது சொல்லப் போறார்னு நினைச்சேன்.

"நல்லா தூங்கினியாம்மா?"

எட்டு மாசமா பார்க்கிறவங்க எல்லாரும் பாப்பா தூங்குச்சா, பாப்பா குடிச்சுதான்னுதான் கேட்டாங்க. நான் தூங்கினேனான்னு கேட்ட முதல் ஆள் அவர். தூங்கினேன்ணான்னு சொல்றதுக்குள்ள எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துடுச்சு. அவர் பதறிப்போய், பாப்பாவை என் கையில குடுத்துட்டு, எல்லாருக்கும் டீ சொல்லிட்டு வர்றேன்னு வேகமா நடந்தார்.

எனக்குக் கூடப்பிறந்தவங்க யாரும் கிடையாதுன்னுதான் எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டிருந்தேன். அன்னைக்குச் சாயங்காலத்துல இருந்து அப்படிச் சொல்றதில்ல.