ஜம்புலிங்கம் கண்ட சுவர்

"அரே, பக்ரியை ஹடாவ்!" என்று ஜம்புலிங்கம் கத்தினார். ஆடு நகரவில்லை. கேமராவைப் பார்த்தபடி அசைபோட்டது.

"அதுக்கு இந்தி தெரியாதுங்க தொர," என்றாள் ரெங்கம்மா. "எங்கிட்ட வளர்ந்த ஆடு. தமிழ்ல சொல்லுங்க."

அந்தமானில், மாயாபந்தருக்குப் பத்து கிலோமீட்டர் இந்தப்பக்கம், பாக்குத் தோட்டத்துக்குப் பின்னால், கூரையில்லாத நான்கு சுவர்கள். பாசி கறுத்து, கொடி படர்ந்து, பார்த்தாலே கும்பிடத் தோன்றும் கோலத்தில் நின்றன. போன வாரம் பஸ் ஜன்னல் வழியாக இவற்றைக் கண்டதிலிருந்து ஜம்புலிங்கத்துக்குத் தூக்கம் இல்லை.

ஜம்புலிங்கம் அரசாங்க ஜூனியர் இன்ஜினியர். கட்டடங்களைப் பற்றி அவருக்குத் தெரியாதது கிடையாது. கட்டடங்களுக்குத்தான் அவரைத் தெரியாது. இந்தப் பதினோரு வருஷத்தில் எல்லாக் கட்டடமும் பைலாக அவர் மேஜைக்கே வந்தது. டீ ஆறுவதற்குள் பார்வையிட்டு அனுப்பிவிடுவார்.

அப்படிப்பட்டவர் நாற்காலியை விட்டு எழுந்ததற்குக் காரணம், தீவுகளின் பாரம்பரியக் கட்டடங்களுக்கான புகைப்படப் போட்டி. பரிசு கொடுப்பவர் செக்ரட்டரி ஆவுடையப்பன். ட்ரான்ஸ்பரில் கையெழுத்துப் போடுபவரும் அவரே. ஜம்புலிங்கத்தின் மனைவி அமிர்தவல்லி இரண்டு மகள்களோடு போர்ட் பிளேரில் இருந்தாள்; இவர் மாயாபந்தர் ஆபீசில்.

"எல்லாரும் ஜெயிலத்தான் எடுப்பாங்க. யாரும் பாக்காத ஒண்ண நான் எடுக்கப்போறேன்," என்று அவளுக்குப் போன் போட்டுச் சொன்னார்.

"நீங்க எதத்தான் பாத்திருக்கீங்க? மார்ச்சுக்குள்ள ட்ரான்ஸ்பர் வரல, பிள்ளைங்களக் கூட்டிக்கிட்டு மெயின்லேண்டுக்குக் கப்பலேறிடுவேன். அப்புறம் அங்க வந்து பாத்துக்குங்க."

சொன்னால் செய்கிறவள். 

ரெங்கம்மா ஆட்டைப் பிடித்துச் சுவருக்குப் பின்னால் கட்டினாள். அது சும்மா இருக்குமா? இவர் லென்சைத் துடைத்து முடிப்பதற்குள் படர்ந்திருந்த கொடியில் பாதியை இழுத்துத் தின்றுவிட்டது. கொடி போன இடத்தில், சுவரின் தலையிலிருந்து நாலு இரும்புக் கம்பிகள் நீட்டிக்கொண்டு நின்றன.

பரீட்சை எழுதிப் பாஸான எந்த இன்ஜினியருக்கும் அந்த இடத்தில் சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஜம்புலிங்கத்துக்கு வரவில்லை. சந்தேகப்பட்டால் போர்ட் பிளேர் கிடைக்காதே!

"வெள்ளைக்காரன் அந்தக் காலத்துலயே கம்பி போட்டிருக்கான் பாரு!" என்றார்.

"தொர, எங்கிட்ட ஒரு காயிதம் இருக்குங்க..." ரெங்கம்மா மடியிலிருந்து பிளாஸ்டிக் பையில் சுற்றிய தாளை எடுத்தாள். கட்சால் தீவில் ரப்பர் தோட்டத்தில் இருந்தவள். சுனாமி வீட்டைக் கொண்டுபோனபின் இங்கே வந்து சேர்ந்தவள்.

"மனுவெல்லாம் ஆபீசுல குடு."

கம்பி படத்தில் விழக் கூடாது. ஜம்புலிங்கம் கொடியைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினார். சுவரின் தலையைப் பிடித்தார். பிடித்த இடம் மணலாக உதிர்ந்தது. அவரும், கூடவே ஒரு பக்கச் சுவரில் பாதியும் கீழே வந்து சேர்ந்தார்கள்.

"எவ்வளவு பழசு பாத்தியா!" என்றார், இடுப்பைப் பிடித்துக்கொண்டே.

"பழசில்லீங்க தொர. அதுல சிமெண்டே இல்ல."

"வெள்ளைக்காரன் சுண்ணாம்புல கட்டுவான். உனக்கென்ன தெரியும்?"

"தொர, இந்தக் காயிதத்த மட்டும்..."

"ஆபீசுல!"

சுவர் விழுந்ததும் ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று. இடிபாடு இன்னும் புராதனமாகத் தெரிந்தது. படம் எடுத்து அனுப்பினார். விண்ணப்பத்தில் 'கட்டப்பட்ட ஆண்டு' என்று கேட்டிருந்தது. கொஞ்சம் யோசித்து 1874 என்று எழுதினார். 'ஆதாரம்' என்ற இடத்தில் 'நேரில் பார்வையிட்டேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டார். அது கை தானாக எழுதும் வாக்கியம்.

முதல் பரிசு கிடைத்தது. அதோடு விட்டிருந்தால் பிழைத்திருப்பார். செக்ரட்டரிக்கு அந்தச் சுவரின் மேல் ஆசை வந்துவிட்டது. கல்வெட்டுத் திறக்க நேரிலேயே வருகிறேன் என்றார்.

ஷாமியானா போட்டார்கள். ரெங்கம்மாவின் ஆடுகளை விரட்டிவிட்டுச் சிவப்புக் கம்பளம் விரித்தார்கள். ஆவுடையப்பன் சுவரைத் தடவிப் பார்த்து உருகினார். தடவின இடம் கையோடு வந்தது.

"அந்தக் காலத்து வேலையப் பாருங்கய்யா! இப்பக் கட்டுறானே, ஆறு வருஷம் நிக்குதா?"

"எப்படி சார் நிக்கும்?" என்றார் ஜம்புலிங்கம். "இப்ப இருக்கிற இன்ஜினியருங்க சைட்டுக்கே போறதில்ல சார்."

"கரெக்டாச் சொன்னீங்க. உங்கள மாதிரி ஆளு போர்ட் பிளேர்லல்ல இருக்கணும்!"

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் ஜம்புலிங்கம் இடுப்பை உடைத்துக்கொண்டது. சட்டைப் பையில் தயாராக இருந்த ட்ரான்ஸ்பர் மனுவை எடுத்து நீட்டினார். செக்ரட்டரி பேனாவைத் திறந்தார். அமிர்தவல்லியின் முகத்தில் சிரிப்பு வருவது ஜம்புலிங்கத்துக்குக் கண்ணெதிரே தெரிந்தது.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு ரெங்கம்மா முன்னால் வந்தாள். கையில் அதே பிளாஸ்டிக் பை.

"என்னம்மா அது?" என்றார் செக்ரட்டரி. பத்திரிகைக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்ததால் குரலில் கருணை கூடியிருந்தது.

"ஏதோ மனு சார், அப்புறம் பாத்துக்கலாம்," என்று ஜம்புலிங்கம் குறுக்கே கை நீட்டினார்.

செக்ரட்டரி தாளை வாங்கிவிட்டார். படித்தார். சுவரைப் பார்த்தார். இன்னொரு முறை படித்தார். பேனாவை மூடினார்.

"மனு இல்லீங்க தொர," என்றாள் ரெங்கம்மா. "சுனாமில வீடு போன எங்களுக்கு இந்தக் கட்டடத்தக் கட்டி முடிச்சாச்சு, நேர்ல பாத்தேன்னு ஆறு வருஷத்துக்கு முந்தி இந்தத் தொரதான் கையெழுத்துப் போட்டுக் குடுத்தாங்க."